மூச்சு, காற்று, நுரையீரல்: ஆங்கிலச் சொற்கள் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மூச்சு தொடர்பான ஆங்கிலச் சொற்களைப் பட்டியல் போட்டு மனப்பாடம் செய்கிறவர்கள் தேர்வு முடிந்த மறுநாளே மறந்துவிடுகிறார்கள். தேவையில்லாத உழைப்பு அது. தமிழ் பேசுகிறவருக்கு இந்தச் சொற்களில் பாதி, உள்ளர்த்தத்தோடு ஏற்கெனவே தெரியும். மீதிப் பாதியில் தமிழே காலை வாரிவிடும். எது எந்தப் பாதி என்று தெரிந்துகொண்டால் போதும். மொழிபெயர்ப்பிலும் வகுப்பிலும் என்னிடம் திரும்பத் திரும்ப வந்த கேள்விகளை வைத்து அதைப் பார்ப்போம். எல்லாவற்றையும் தமிழ் எழுத்திலேயே எழுதியிருக்கிறேன். எழுத்துக்கூட்டல் முக்கியமாகிற இடத்தில் மட்டும் எழுத்தின் பெயரைச் சொல்கிறேன்.

‘பிரெத்’, ‘பிரீத்’ இரண்டும் ஒன்றுதானே?

இல்லை. ‘பிரெத்’ என்பது மூச்சு. ‘பிரீத்’ என்பது மூச்சுவிடு. எழுத்தில் வித்தியாசம் கடைசியில் நிற்கும் ஒரு ‘ஈ’ மட்டுமே. அதனால் நன்றாக ஆங்கிலம் எழுதுகிறவர்கள்கூட இதில் சறுக்குகிறார்கள். உச்சரிப்பில் இரண்டு மாற்றங்கள் உண்டு. உயிரொலி நீள்கிறது, கடைசி ஒலியும் மாறுகிறது. தொண்டையில் ஒரு விரலை வைத்துக்கொண்டு சொல்லிப் பாருங்கள். ‘பிரீத்’ முடியும்போது விரலில் அதிர்வு தெரியும். ‘அது’ என்று சொல்லும்போது வருகிற மெல்லிய துகரத்தின் ஒலி அது. ‘பிரெத்’ முடியும்போது அதிர்வே இருக்காது. நாக்கு நுனி பற்களுக்கு நடுவில் நிற்க, வெறும் காற்று மட்டும் வெளியேறும். அதற்குத் தமிழில் எழுத்தில்லை.

குளியலைக் குறிக்கும் ‘பாத்’, அதன் வினையான ‘பேத்’. துணியைக் குறிக்கும் ‘கிளாத்’, உடுத்துவதைக் குறிக்கும் ‘குளோத்’ ஆகியவையும் இதே அச்சில் வார்த்தவை. பெயர்ச்சொல்லில் அதிர்வு இல்லை, வினையில் உண்டு. ஒரு ஜோடியைப் பழகினால் மூன்றும் வசமாகும்.

இன்னொரு வம்பு, அகலத்தைக் குறிக்கும் ‘பிரெட்த்’. நடுவில் ‘டி’ எழுத்து ஒன்று கூடுதலாக இருக்கும். ‘ஆழ்ந்த மூச்சு எடுங்கள்’ என்று எழுத நினைத்து ‘ஆழ்ந்த அகலம் எடுங்கள்’ என்று எழுதியவர்களை நான் பார்த்திருக்கிறேன். எழுத்துப்பிழை திருத்தும் மென்பொருளும் பெரும்பாலும் கண்டுகொள்ளாது, இரண்டுமே சரியான சொற்கள்தானே.

மூச்சு வாங்குகிறது, இரைக்கிறது, திணறுகிறது, முட்டுகிறது. இவற்றை ஆங்கிலத்தில் எப்படிச் சொல்வது?

முதலில் ஒன்று: மூச்சை யாரும் ‘வாங்க’ முடியாது. தமிழ் வினையை அப்படியே தூக்கிக்கொண்டு போனால் கேட்கிறவர் குழம்புவார்.

நான்கு மாடி ஏறி மேலே வந்து நின்றால் நீங்கள் ‘அவுட் ஆஃப் பிரெத்’. ஓடிவந்த நாய் நாக்கைத் தொங்கவிட்டு இரைப்பது ‘பேன்ட்’. கால்சட்டையின் பெயரோடு உறவில்லை. திடுக்கிட்டு ஒரே இழுப்பாக மூச்சை உள்ளே இழுப்பது ‘காஸ்ப்’. தண்ணீரிலிருந்து தலையைத் தூக்கியவரும் காஸ்ப் செய்வார். மேடையில் வித்தைக்காரர் கத்தியை எடுத்ததும் கூட்டமும் காஸ்ப் செய்யும். தொண்டையில் ஏதாவது அடைத்தால் ‘சோக்’. அடைப்பு எதுவும் இல்லாமல், சுற்றிலும் நல்ல காற்றே இல்லாததால் முட்டினால் ‘சஃபகேட்’. வயிற்றில் அடிபட்டுக் கொஞ்ச நேரம் மூச்சே வராமல் நின்றால் ‘விண்டட்’.

மருத்துவரிடம் சொல்ல வேண்டியது ‘ஷார்ட் ஆஃப் பிரெத்’. உழைப்பே இல்லாமல் இரைக்கிறது என்ற கவலை அதில் ஒலிக்கும். அவசரமென்றால் இலக்கணம் பார்க்க வேண்டாம். ‘ஐ கான்ட் பிரீத்’ என்ற மூன்று சொற்கள் போதும், உலகத்தில் எங்கேயும் புரியும்.

புரையேறுவதற்கு ஆங்கிலச் சொல் என்ன?

அன்றாடப் பேச்சில் ஒற்றைச் சொல் இல்லை. ‘இட் வென்ட் டவுன் தி ராங் வே’, தவறான வழியில் இறங்கிவிட்டது, என்று ஒரு வாக்கியமே சொல்கிறார்கள். உணவோ நீரோ மூச்சுக்குழாய்க்குள் போவதற்கு மருத்துவர்கள் ‘ஆஸ்பிரேஷன்’ என்பார்கள். சாப்பாட்டு மேசையில் அந்தச் சொல்லை எடுத்தால் எல்லோரும் பயந்துவிடுவார்கள். ‘புரை’ என்ற இரண்டே எழுத்தில் நாம் முடிக்கிற காரியம் இது.

‘சளி பிடித்திருக்கிறது’, ‘சளி கட்டியிருக்கிறது’ இரண்டிலும் ஒரே சளிதானே?

தமிழில் ஒன்று, ஆங்கிலத்தில் குறைந்தது நான்கு. தமிழ் காலை வாரும் முதல் இடம் இதுதான்.

பிடிப்பது ‘கோல்டு’, அது நோயின் பெயர். ‘ஐ ஹேவ் எ கோல்டு’ என்பதில் நடுவிலுள்ள அந்தச் சின்ன ‘எ’ கட்டாயம். ‘ஐ ஆம் கோல்டு’ என்றால் எனக்குக் குளிர்கிறது என்று பொருள். எதிரில் இருப்பவர் போர்வை கொண்டுவருவார், மருந்து வராது. நெஞ்சில் கட்டுவது ‘ஃப்ளெம்’. மூக்கு முதல் குடல் வரை உடம்பின் உட்பரப்புகளில் இயல்பாகவே சுரக்கும் வழவழப்பு ‘மியூகஸ்’. இருமித் துப்பி, சோதனைக்காகச் சிறு குப்பியில் பிடித்துக் கொடுப்பது ‘ஸ்பூட்டம்’.

இருமலோடு சளி வருகிறதா என்று கேட்க ஆங்கில மருத்துவர் பயன்படுத்தும் சொல்லைக் கேட்டால் சிரிப்பு வரும்: ‘புரொடக்டிவ் காஃப்’. இருமலில் என்ன உற்பத்தித் திறன் என்று யோசிக்க வேண்டாம், சளி வெளியே வருகிறது என்பதே பொருள். வராவிட்டால் ‘டிரை காஃப்’, நம்முடைய வறட்டு இருமல்.

‘வீசிங்’ என்பதையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். தமிழில் அதை நோயின் பெயராகவே வைத்துக்கொண்டோம். ‘குழந்தைக்கு வீசிங் இருக்கிறது’ என்கிறோம். ஆங்கிலத்தில் அது நோயல்ல, ஓர் ஒலி. சுருங்கிய மூச்சுக்குழல்கள் வழியே காற்று வெளியேறும்போது கேட்கும் விசில் சத்தம். அந்தச் சத்தம் ஆஸ்துமாவிலும் வரும், வேறு பல காரணங்களாலும் வரும். ஆகவே வெளிநாட்டு மருத்துவரிடம் வீசிங் என்றால் அவர் அடுத்து ‘எதனால்?’ என்றுதான் யோசிப்பார்.

நெஞ்சு எக்ஸ்ரே அறிக்கையில் ‘புவர் இன்ஸ்பிரேஷன்’ என்று இருக்கிறது. நோயாளிக்கு ஊக்கம் போதவில்லை என்கிறார்களா?

இந்தக் கேள்வியோடு ஒரு உறவினர் எனக்கு அறிக்கையையே படமெடுத்து அனுப்பினார். கொஞ்சம் கோபமாகவும் இருந்தார். படம் எடுக்கும்போது அவர் மூச்சை முழுதாக உள்ளிழுக்கவில்லை, அவ்வளவுதான். மருத்துவத்தில் ‘இன்ஸ்பிரேஷன்’ என்றால் உள்மூச்சு. ‘எக்ஸ்பிரேஷன்’ என்றால் வெளிமூச்சு. நுரையீரல் முழுதாக விரிந்தால்தான் படம் தெளிவாக விழும். அதற்காகத்தான் ‘மூச்சை இழுத்துப் பிடியுங்கள்’ என்று சொல்கிறார்கள்.

லத்தீன் மொழியில் ‘ஸ்பிராரே’ என்றால் மூச்சுவிடுதல். அதற்கு முன்னால் வெவ்வேறு முன்னொட்டுகளை வைத்து ஒரு குடும்பத்தையே ஆங்கிலம் பெற்றிருக்கிறது. ஒருவருக்குள் மூச்சை ஊதினால் ‘இன்ஸ்பயர்’. மூச்சு வெளியே போய்விட்டால் ‘எக்ஸ்பயர்’. மனிதருக்கும் அதே சொல், மருந்துப் பாட்டிலுக்கும் ஓட்டுநர் உரிமத்துக்கும் அதே சொல். தலையோடு தலை சேர்த்து ஒன்றாக மூச்சுவிட்டால் ‘கன்ஸ்பயர்’, அதாவது சதி. ரகசியம் பேசுகிறவர்களை அப்படியே படம் பிடித்த சொல் அது. தோல் வழியாக மூச்சுவிட்டால் ‘பெர்ஸ்பயர்’, வியர்வை. ஒன்றை நோக்கி மூச்சைச் செலுத்தினால் ‘அஸ்பயர்’, அடைய ஏங்குவது. செடியின் இலைகள் நீரை ஆவியாக வெளியிடுவது ‘டிரான்ஸ்பிரேஷன்’, பாடநூலில் நீராவிப்போக்கு. வினையாக ‘டிரான்ஸ்பயர்’ என்றால் ரகசியம் கசிந்து வெளியே தெரிவது. இப்போது ‘நடந்தது’ என்ற பொருளிலும் எழுதுகிறார்கள், பழைய ஆசிரியர்களுக்கு அது பிடிக்காது.

இந்தக் குடும்பத்தின் மூத்த உறுப்பினர் ‘ஸ்பிரிட்’. மூச்சு, உயிர், பேய், சாராயம் எல்லாம் எப்படி ஒரே சொல்லுக்குள் வந்தன என்று கேட்காத மாணவரே இல்லை. ‘ஆவி’ என்ற சொல்லை எண்ணிப் பாருங்கள் என்பேன். கொதிக்கும் பானையிலிருந்து எழுவதும் ஆவி, உயிர் பிரிந்தாலும் ஆவி பிரிந்தது, நள்ளிரவில் பயமுறுத்துவதும் ஆவி, திருச்சபை வணங்குவதும் பரிசுத்த ஆவி. காய்ச்சி ஆவியாக்கி வடித்தெடுப்பதால்தான் சாராயத்துக்கும் ஸ்பிரிட் என்ற பெயர் வந்தது. ‘பிரெத்’ என்ற சொல்லுக்கே பழைய ஆங்கிலத்தில் மணம், ஆவி என்ற பொருள்தான் இருந்தது. மூச்சு என்ற பொருள் பிறகு வந்து ஒட்டிக்கொண்டது.

எழுதியிருப்பது ஒன்று, சொல்வது வேறு. ஏன் இத்தனை ஊமை எழுத்துகள்?

மூச்சு நோய்களின் பெயர்களில் பெரும்பாலானவை கிரேக்கத்திலிருந்து வந்தவை. கிரேக்கர்கள் உச்சரித்த எழுத்துகளை ஆங்கிலேயர் எழுத்தில் காப்பாற்றினார்கள், வாயில் விட்டுவிட்டார்கள். ‘நியூமோனியா’வின் தொடக்கத்தில் ஒரு ‘பி’ சும்மா நிற்கிறது. ‘ஃப்ளெம்’மின் நடுவிலும், உதரவிதானத்தைக் குறிக்கும் ‘டயஃப்ரம்’மிலும் ஒரு ‘ஜி’ ஒளிந்திருக்கிறது. ஆனால் எதற்கும் அசையாத ஆளைச் சொல்லும் ‘ஃப்ளெக்மாட்டிக்’கில் அந்த எழுத்து விழித்துக்கொண்டு ககர ஒலி தருகிறது. உடலில் சளி மிகுந்தவர் மந்தமானவர் என்ற பழைய ஐரோப்பிய மருத்துவ நம்பிக்கையின் எச்சம் அது. கப உடம்பைப் பற்றி நம் சித்த மருத்துவர்கள் சொல்வதைக் கேட்டவர்களுக்கு இது புதிதாகத் தோன்றாது.

எனக்குப் பிடித்தது ஆஸ்துமா. ஆங்கிலத்தில் அதை ‘ஆஸ்மா’ என்றுதான் சொல்கிறார்கள். நடுவிலுள்ள ‘டி ஹெச்’ வாயில் வருவதில்லை. கிரேக்கத்தில் அந்த ஒலி இருந்தது. இரைப்பு என்பது அங்கே அதன் பொருள். ஆங்கிலேயர் விழுங்கிய ஒலியைத் துகரமாக நாம் இன்னும் சொல்லிக்கொண்டிருக்கிறோம். ஆங்கிலம் பேசும்போது அதை விட்டுவிடுங்கள். தமிழில் விட வேண்டியதில்லை.

காற்று என்பதற்கு ‘ஏர்’ சொல்வதா, ‘விண்ட்’ சொல்வதா?

அசையாமல் நம்மைச் சூழ்ந்திருப்பது ‘ஏர்’. அதுவே நகர்ந்தால் ‘விண்ட்’. மூச்சாக இழுப்பது, டயரில் அடைப்பது ஏர். குடையைப் பறிப்பது விண்ட். ‘காற்றே இல்லை’ என்று தமிழில் புழுக்கத்தைச் சொல்கிறோம். ‘நோ ஏர்’ என்று சொன்னால் மூச்சுவிட ஒன்றுமில்லை என்று பொருள்படும். இலை அசையவில்லை என்றால் ‘நோ விண்ட்’. அறைக்குள் புழுக்கமென்றால் ‘ஸ்டஃபி’. கதவிடுக்கு வழியே சிலுசிலுவென்று நுழைவது ‘டிராஃப்ட்’, பிரிட்டிஷ் எழுத்துக்கூட்டலைப் பார்த்தால் அப்படி உச்சரிக்கத் தோன்றவே தோன்றாது.

நாம் காற்றைத் திசை பார்த்துப் பெயரிட்டவர்கள்: தெற்கிலிருந்து தென்றல், வடக்கிலிருந்து வாடை, கிழக்கிலிருந்து கொண்டல், மேற்கிலிருந்து கோடை. ஆங்கிலத்தில் அன்றாடச் சொற்கள் வேகத்தைப் பார்க்கின்றன. பிரிட்டிஷ் கடற்படை அதிகாரி பிரான்சிஸ் போஃபர்ட் 1805-இல் வகுத்த அளவுகோல் இன்றும் வானிலை அறிக்கைகளில் புழங்குகிறது. அதில் 0 என்றால் அசைவே இல்லை, 12 என்றால் ‘ஹரிகேன்’. 2 முதல் 6 வரை எல்லாமே ‘பிரீஸ்’தான். ஆறாம் எண்ணான ‘ஸ்ட்ராங் பிரீஸ்’ வீசும்போது குடை பிடிப்பதே பெரும்பாடு. அகராதியில் பிரீஸ் என்பதற்கு ‘இளங்காற்று’ என்று போட்டிருப்பதை நம்பிக் கடலறிக்கையை மொழிபெயர்த்தால் படகுக்காரர்தான் பாவம். 8-இல் தொடங்குவது ‘கேல்’. திடீரென்று வீசி அடங்குவது ‘கஸ்ட்’.

‘விண்ட்’, ‘வைண்ட்’ இரண்டுக்கும் ஒரே எழுத்துகளா?

ஆம். காற்று என்றால் விண்ட். கடிகாரத்துக்குச் சாவி கொடுப்பது, சுற்றுவது என்றால் வைண்ட். வாக்கியம்தான் காட்டிக்கொடுக்கும். சன்னலுக்கு ‘விண்டோ’ என்ற பெயர் முதல் வகையிலிருந்து வந்தது. வட ஐரோப்பாவின் பழைய நார்ஸ் மொழியில் ‘காற்றின் கண்’ என்று பொருள். நம் பழந்தமிழில் சன்னலுக்குக் ‘காலதர்’ என்று பெயர்: கால் என்றால் காற்று, அதர் என்றால் வழி. அங்கே காற்று எட்டிப் பார்க்கிறது, இங்கே நடந்து வருகிறது.

‘லங்’ என்ற சொல்லுக்கு என்ன பொருள்?

லேசானது. உடலின் மற்ற உறுப்புகளைப்போல் அல்லாமல் நுரையீரல் தண்ணீரில் மிதக்கும். பழைய மக்கள் ஆடுமாடு அறுக்கும்போது அதைக் கவனித்திருக்கிறார்கள். இறைச்சிக்காக விற்கும் விலங்கு நுரையீரலுக்கு ஆங்கிலத்தில் ‘லைட்ஸ்’ என்றே ஒரு பெயர் உண்டு. ரஷ்ய மொழியிலும் நுரையீரலின் பெயர் ‘லேசானது’ என்பதிலிருந்து வந்ததுதான்.

தமிழர் எடை பார்க்கவில்லை, வெட்டிய பரப்பைப் பார்த்தார்கள். அழுத்தினால் நுரை தள்ளுகிற ஈரல், நுரையீரல். பக்கத்தில் கெட்டியாக இருப்பது கல்லீரல். கண்ணறைகளில் அடைபட்ட காற்றைத்தான் இரண்டு மொழிகளும் கண்டன, ஒன்று கையால் தூக்கி, இன்னொன்று கண்ணால் பார்த்து.

பயன்பாட்டில் கவனிக்க வேண்டியது: பெயர் ‘லங்’ என்றாலும் அடைமொழி லத்தீனிலிருந்து வரும் ‘பல்மனரி’. ஆனாலும் புற்றுநோய்க்கு ‘லங் கேன்சர்’ என்றே சொல்வார்கள். மூச்சுத்திறன் சோதனைக்குப் ‘பல்மனரி ஃபங்ஷன் டெஸ்ட்’. இதற்கு விதி தேடாதீர்கள், பழக்கம்தான். இரண்டையும் சேர்த்துச் சொன்னால் ‘லங்ஸ்’ என்று பன்மை. வலப்பக்கம் மூன்று மடல், இடப்பக்கம் இரண்டு. இதயத்துக்கு இடம் விட வேண்டுமே. மடலுக்கு ‘லோப்’.

தமிழ் மரபுத்தொடர்களை அப்படியே ஆங்கிலத்தில் சொல்லலாமா?

சிலவற்றைச் சொல்லலாம். ‘இதைப் பற்றி மூச்சுவிடாதே’ என்பதற்கு ‘டோன்ட் பிரீத் எ வர்ட்’ அச்சு அசலாகப் பொருந்தும். காற்றுவாக்கில் ஒரு செய்தி காதில் விழுந்தால் ‘கெட் விண்ட் ஆஃப்’. மூச்சைப் பிடித்துக்கொண்டு காத்திருந்தால் ‘ஹோல்ட் யுவர் பிரெத்’. ஆனால் அதையே எதிர்மறையாக ‘டோன்ட் ஹோல்ட் யுவர் பிரெத்’ என்றால் கேலி: அது நடக்கப்போவதில்லை, காத்திருக்காதே.

வழுக்கும் இடம் ‘ஒரே மூச்சில்’. நாவலை ஒரே மூச்சில் படித்தேன் என்று சொல்ல நினைத்து ‘இன் தி சேம் பிரெத்’ என்று எழுதினால் பொருள் கெட்டுவிடும். அந்தத் தொடர் ஒருவர் முரண்பட்ட இரண்டை அடுத்தடுத்துச் சொல்லும்போது வருவது: ‘பணமே இல்லை என்றார், அதே மூச்சில் கார் வாங்கப்போவதாகவும் சொன்னார்’. நாவலுக்கு ‘இன் ஒன் சிட்டிங்’ என்பதே சரி. ‘முழுமூச்சாக’ உழைப்பதற்கும் அங்கே மூச்சு வராது. தொண்டை கிழியக் கத்துவது மட்டும் ஆங்கிலத்தில் நுரையீரலுக்குப் போய்விடும்: ‘அட் தி டாப் ஆஃப் யுவர் லங்ஸ்’. வாய்க்குள் முணுமுணுத்தால் ‘அண்டர் யுவர் பிரெத்’.

‘பேட்டட் பிரெத்’ என்று ஒன்று உண்டு, ஆவலில் மூச்சடக்கிக் காத்திருப்பது. குறைந்துபோன, தணிந்த என்ற பொருளுள்ள பழைய சொல் அது. தூண்டில் இரையைக் குறிக்கும் ‘பெய்ட்’டின் எழுத்துகளை அதில் நுழைத்து எழுதுவது ஆங்கிலேயரே செய்யும் பிழை.

தும்மல், குறட்டை, விக்கல், கொட்டாவி?

தும்மல் ‘ஸ்னீஸ்’, குறட்டை ‘ஸ்னோர்’, மூக்கை உறிஞ்சுவது ‘ஸ்னிஃப்’, மூக்கால் சீறுவது ‘ஸ்னார்ட்’. மூக்கு வேலை எல்லாம் ‘ஸ்ன்’ என்று தொடங்குவதைக் கவனித்தீர்களா? ஸ்னீஸ் ஆதியில் ‘எஃப்’, ‘என்’ இரண்டும் ஒட்டி நிற்கத் தொடங்கிய சொல். அந்த ஒலிக்கூட்டு வழக்கொழிந்த பிறகு இந்தக் கூட்டத்தில் சேர்ந்துகொண்டது. விக்கல் ‘ஹிக்கப்’. இருமல் என்று தவறாக எண்ணி அதன் வாலில் ‘காஃப்’ எழுத்துகளை ஒட்டி எழுதுவதும் உண்டு, அப்போதும் ஹிக்கப் என்றே சொல்ல வேண்டும். கொட்டாவி ‘யான்’, பெருமூச்சு ‘சை’. செருமுவதற்குத் தனி வினை அரிது. ‘தொண்டையைச் சுத்தம் செய்தார்’ என்ற பொருளில் சுற்றிவளைத்துச் சொல்வார்கள்.

நான் ‘பேர்’ என்று பழத்தைச் சொன்னால் கரடி என்று கேட்கிறதாம். ஏன்?

மூச்சுதான் காரணம். மெல்லிய காகிதத் துண்டு ஒன்றை உதட்டுக்கு முன்னால் தொங்கவிட்டு, ஆங்கிலம் தாய்மொழியாக உள்ள ஒருவரை ‘பின்’ என்று குண்டூசியைச் சொல்லச் சொல்லுங்கள், காகிதம் துள்ளும். ‘ஸ்பின்’ என்று சொல்லச் சொல்லுங்கள், அசையாது. சொல்லின் தொடக்கத்தில் அழுத்தத்தோடு வரும் ப, ட, க ஒலிகளுக்குப் பின்னால் அவர்கள் ஒரு சின்ன ஊதலை விடுகிறார்கள். ஒலியியலில் அதற்கும் ‘ஆஸ்பிரேஷன்’ என்றே பெயர். மேலே பார்த்த அதே லத்தீன் மூச்சு.

தமிழ்ப் பகரத்தில் அந்த ஊதல் இல்லை. ‘பல்’ என்று சொல்லும்போது காகிதம் சும்மா இருக்கும். ஊதல் இல்லாத பகரத்தை அவர்கள் காது ‘பி’க்கு அடுத்த வீட்டு ஒலியாக, ‘பந்து’ என்பதை நாம் சொல்லும் மாதிரியாக, எடுத்துக்கொள்கிறது. மேலங்கி ‘கோட்’ வெள்ளாட்டுக் ‘கோட்’ ஆவதும் இப்படித்தான். தமிழில் எழுதினால் இரண்டும் ஒன்றாகவே இருப்பதால் வித்தியாசத்தை இங்கே எழுதிக் காட்டக்கூட முடியவில்லை. காகிதத்தை எடுத்துக்கொண்டு ஐந்து நிமிடம் தினமும் ஊதிப் பழகுங்கள். ஒரு வாரத்தில் காகிதம் துள்ளத் தொடங்கும்.

ஆங்கிலத்தின் மிக நீளமான சொல் நுரையீரல் நோயின் பெயர் என்கிறார்களே?

பெரிய அகராதிகளில் உள்ளவற்றில் மிக நீளமானது என்று சொல்லப்படுவது அதுதான்: ‘நியூமோனோ அல்ட்ரா மைக்ரோஸ்கோபிக் சிலிக்கோ வால்கனோ கோனியோசிஸ்’, ஒட்டி எழுதினால் 45 எழுத்துகள். எரிமலையிலிருந்து வரும், நுண்ணோக்கிக்கும் எட்டாத அளவு நுண்ணிய சிலிக்கா தூசியை மூச்சில் இழுத்ததால் நுரையீரலுக்கு வந்த நோய் என்று பிரித்துப் பொருள் சொல்லலாம். ஆனால் இதை எந்த மருத்துவரும் உருவாக்கவில்லை. 1935-இல் அமெரிக்கப் புதிர் ஆர்வலர் சங்கம் ஒன்றின் தலைவரான எவரெட் ஸ்மித், நீளத்துக்காகவே கட்டிய சொல் இது. கல் உடைக்கும் தொழிலாளர்களுக்கும் சுரங்கத்தில் வேலை செய்பவர்களுக்கும் உண்மையில் வருகிற நோய்க்கு மருத்துவர்கள் எழுதுவது ‘சிலிக்கோசிஸ்’ என்று மட்டுமே.